வெருட்டினதும் கலைச்சதும்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். பொய் இல்லை. வரிசையில் குறுக்கே புகுந்தவரை நான் விட்டதில்லை. ரயில் இருக்கையில் சப்பாத்துக் காலைத் தூக்கி வைத்தவரையும் விட்டதில்லை. அப்படிப்பட்ட என்னைப் பிடித்து ஜெர்மன்காரர்கள் நீதிபதியாக்கினார்கள் என்றால், என் கணவர் ஒரு கிழமை சிரித்ததில் பிழை சொல்ல முடியாது.

முழு நீதிபதி இல்லை. இங்கே ‘ஷொஃபின்’ என்று ஒரு பதவி உண்டு. சட்டம் படிக்காத சாதாரண ஆட்களை ஐந்து வருடத்துக்குத் தெரிவு செய்து, சட்டம் படித்த நீதிபதிக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக இருத்துவார்கள். கறுப்பு அங்கி அவருக்கு மட்டும்தான். ஆனால் வாக்கு மூன்று பேருக்கும் சமம். குற்றவாளியா இல்லையா என்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக நின்றால் படித்தவர் தோற்றுப்போவார். மாதத்தில் ஒரு நாள் எனக்கு வழக்கு வரும். மற்ற நாட்களில் கண்ணாடிக்கடையில் நின்று, இந்த வில்லையில் எழுத்துத் தெளிவா, அந்த வில்லையில் தெளிவா என்று ஆட்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

“என்ன ஜட்ஜம்மா, இண்டைக்கு ஆருக்கு மறியல்?” என்று கணவர் ஒவ்வொரு மாதமும் வாசலில் வைத்துக் கேட்பார். நான் முறைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவேன். ஹம் நகரத்துக்குச் சில ரயில் தரிப்பிடங்கள் தள்ளி இருக்கிற சிறிய நகரம் எங்களுடையது. நீதிமன்றம் ஹம் நகரத்தில், பழைய சந்தைக்குப் பின்னால்.

மறியல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் மறியல் என்றால் சிறை. மியூனிக்கில் கணினி வேலை செய்யும் ஒரு சென்னைக் குடும்பம் எங்களுக்குப் பழக்கம். அவர்கள் வீட்டு விருந்தில், என் பெரியப்பா மகன் அந்தக் காலத்தில் இரண்டு வருடம் மறியலில் இருந்தவன் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை கண்ணை விரித்து, “டூ இயர்ஸ் ரோட்ல உக்காந்திருந்தாரா? என்ன டிமாண்டுக்கு அக்கா?” என்று கேட்டது. அவர்களுக்கு மறியல் என்றால் வீதியை மறித்துப் போராடுவது. அன்றைக்கு எல்லோரும் வயிறு நோகச் சிரித்தோம். சொல் மாறினால் ஒருவருடைய வாழ்க்கையும் மாறும் என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

எங்கள் நீதிபதிக்கு அறுபது வயது இருக்கும். நல்ல மனிதர், ஆனால் ஒரு பைத்தியம் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்தில் இருந்த ஒரு நீதிபதியைப் பற்றித்தான் முனைவர் பட்டத்துக்கு எழுதினாராம். இடைவேளையில் கோப்பியை ஊற்றியதும் அந்த மனிதரின் கதை தொடங்கிவிடும். மாதம் ஒரு பகுதியாகக் கேட்டுக் கேட்டு, எனக்கு என் சொந்த மாமனாரைவிட அந்த ஸ்கொட்லாந்துக்காரரின் வரலாறு நன்றாகத் தெரியும்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை. தகப்பன் தேவாலயத்துக்கு அனுப்ப நினைக்க, இவர் கப்பலேறி ஒல்லாந்துக்குப் போய்ச் சட்டம் படித்தார். எடின்பரோவுக்குத் திரும்பி வந்து வழக்கறிஞரானார். கடைசியில் அரசர் அவரை நீதிபதியாக்கினார். அங்கே நீதிபதியானால் தன் காணியின் பெயரைத்தான் பட்டமாக வைத்துக்கொள்வார்களாம். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் ஊரிலும் ஆளைவிட வளவின் பெயர்தானே பெரிது. கதிரையில் இருத்துவதற்கு முன்னால் மூத்த நீதிபதிகள் அவரிடம் சில வழக்குகளைக் கொடுத்து, கேட்டுச் சொல்லு பார்ப்போம் என்று சோதித்தும் பார்த்தார்களாம். எனக்கு அப்படி ஒரு சோதனையும் வைக்கவில்லை. அரை நாள் விளக்கக் கூட்டமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் தந்தார்கள்.

பிறகு அரசாங்கம் எல்லா நீதிபதிகளையும் ஒரு சத்தியம் செய்யச் சொன்னது. நம்மவர் மாட்டேன் என்றார். பதவி போயிற்று. பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து திரும்பவும் ஒல்லாந்துக்கு ஓடி, வாடகை அறையில் பல வருடம் இருந்தார். “அகதி விண்ணப்பம் போட்டாரா?” என்று நான் கேட்டேன். நீதிபதி கோப்பி சிந்தச் சிரித்தார். அரசர் மாறியபின் ஊருக்குத் திரும்பி, பழைய கதிரையிலேயே இருந்து, காது கேளாமல் போகும்வரை தீர்ப்புச் சொன்னாராம்.

இந்தக் கதையில் ஒரு இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுச் சனங்களின் வழக்குகளும் அவர் முன்னால் வந்திருக்கின்றன. அவர்களுடைய மொழி அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. யாரோ ஒருவன் நடுவில் நின்று மொழிபெயர்ப்பான், அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

“அப்படியென்றால் அது அவருடைய தீர்ப்பா, மொழிபெயர்த்தவனுடைய தீர்ப்பா?” என்று கேட்டேன்.

நீதிபதி கரண்டியால் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “அந்தக் கேள்வியை நான் என் ஆய்வில் கேட்கவில்லை” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான்.

அதற்குப் பிறகு வந்த மாதத்தில், வழக்கு நாளன்று காலை, நீதிமன்ற நடையில் ஒரு பெண் என்னை மறித்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அகலக் கரை வைத்த சால்வையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

“அக்கா, நீங்கள் தமிழ்தானே? கண்ணாடிக்கடையிலை கண்டிருக்கிறன். நீங்கள்தான் மேலை இருக்கப் போறியள் எண்டு இப்பதான் சொல்லிச்சினம்.”

அன்றைய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தமிழர் என்று பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் எனக்கே தெரியும். வழக்கின் தாள்களை எங்களுக்கு முன்கூட்டித் தரமாட்டார்கள்.

“என்ர மனுசன்ர வழக்கு, அக்கா. அவர் ஆரையும் அடிக்கிற ஆள் இல்லை. பிள்ளையள் ரெண்டும் படிச்சுக்கொண்டிருக்கினம். எங்களுக்காக ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

“நான் உங்களோடை கதைக்கக் கூடாது. உள்ளுக்குப் போய் இருங்கோ” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. அவள் முகம் சுருங்கிப் போனது.

நேரே நீதிபதியின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த ஆளை முன்பின் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. உறவா? இல்லை. “சரி. எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவோம்” என்றார். வழக்குத் தொடங்கியதும் அதைச் சபையில் சொல்லி, இரண்டு தரப்பையும் கேட்டார். எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், வழக்கறிஞருக்கு ஆட்சேபம் இல்லை. அரசுத் தரப்பில் வந்திருந்தவர் இளம் பெண். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இப்போதைக்கு இல்லை” என்றார்.

அந்த ‘இப்போதைக்கு’ முள்ளாகக் குத்தியது. நான் பக்கச்சார்பாக நடக்கிறேன் என்று ஒருவருக்குப் பட்டால் என்னை எழுப்பிவிடலாம். வழக்கு வேறொரு நாள், வேறு ஆட்களோடு, முதலில் இருந்து தொடங்கும். அப்போது அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

வழக்கு இதுதான். இரண்டு பேர், இருவரும் ஐம்பது கடந்தவர்கள், நல்ல கூட்டாளிகள். கல்யாண வீடு, பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடு என்று கொண்டாட்டங்களுக்குச் சேர்ந்தே சமைத்துக் கொடுப்பவர்கள். ஒரு சாமத்திய வீட்டுக்கு மண்டபச் சமையலறையில் சமைத்துக்கொண்டிருந்தபோது, குழம்புக்குத் தேங்காய்ப்பாலை விட்ட நேரம் பிழைத்து, பால் திரைந்துபோனது. நாற்பது வருடமாகத் தமிழ்ச் சமையலறைகளில் நடக்கிற சண்டைதான். ஒருவர் மற்றவரைப் பார்த்து, உனக்குச் சமைக்கவே தெரியாது என்று வீட்டுக்காரர் முன்னால் சொல்லியிருக்கிறார். சொல்லுப்பட்டவர் கையில் பூசணிக்காய் வெட்டிய கத்தி. சொன்னவர் சமையலறையை விட்டு ஓடினார். நிலவறைக்குப் போகும் படியில் விழுந்து உருண்டார். இடுப்பெலும்பு உடைந்து, இரண்டு தடவை வெட்டித் தைத்தும் சரிவரவில்லை. அவர் இனி ஒழுங்காக நடக்கமாட்டார்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். கத்தி வைத்திருந்தவர் நின்ற இடத்தில் நின்று பயம் காட்டினாரா, அல்லது கத்தியோடு துரத்திக்கொண்டு போனாரா? பயம் காட்டியது மட்டும் என்றால் மிரட்டல். தண்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். துரத்தியதால்தான் மற்றவர் விழுந்தார் என்றால் பாரிய குற்றம், சிறைக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் அதற்குள் மண்டபத்துக்குப் போயிருந்தார், சமையலறையில் வேறு யாரும் இல்லை. சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் கண்டது, கீழே ஒருவர் கிடக்க மேலே ஒருவர் கத்தியோடு நின்றதைத்தான். உதவி செய்ய ஓடிவந்தேன், கத்தியைப் போட மறந்துவிட்டேன் என்று அவர் பொலிசில் சொல்லியிருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் டுசல்டோர்ஃபில் இருந்து வந்திருந்தார். தமிழ்நாட்டுப் பெண், முப்பது வயது தாண்டியிருக்காது, திருத்தமான ஜெர்மன். முதலில் குற்றம் சாட்டப்பட்டவரைக் கேட்டார்கள். ஒல்லியான மனிதர். கோட் அவருக்குப் பெரிதாக இருந்தது, யாரிடமோ இரவல் வாங்கியிருக்க வேண்டும். மனைவி பின்வரிசையில் இருந்தாள்.

“எனக்குச் சரியான கோவம் வந்திட்டுது. கத்தி கையிலை இருந்தது உண்மைதான். நான் ஆளைச் சும்மா வெருட்டினனான், ஐயா. வேறை ஒண்டும் செய்யேல்லை.”

வெருட்டுவது என்றால் எங்கள் பேச்சில் பயங்காட்டுவது. குழந்தை சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி வருவான் என்று வெருட்டுவோம். ஆனால் அந்தப் பெண் பிறந்த ஊரில் விரட்டுவது என்ற சொல்தான் உண்டு. விரட்டுவது என்றால் துரத்துவது. முதல் இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். அவர் ஒரு கணமும் தயங்காமல் ஜெர்மனில், “நான் அவரைச் சும்மாதான் துரத்தினேன்” என்று சொன்னார். வேட்டைநாய் முயலைத் துரத்துவதற்கு ஜெர்மன்காரர் சொல்லும் அதே சொல்.

அரசுத் தரப்புப் பெண் தலையை நிமிர்த்தினார். எதிரியின் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்ற கோபம் இருந்தது. அந்த மனிதருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. தான் குற்றத்தை ஒப்புக்கொண்டாயிற்று என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

என் காது இரண்டும் சுட்டன. நீதிபதியின் பக்கம் சாய்ந்து, மொழிபெயர்ப்புப் பிழை என்று மெல்லச் சொன்னேன். அவர் உதடு அசையாமல், “நீங்கள் இங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஜெர்மனில், எல்லோருக்கும் கேட்க” என்றார்.

கையை உயர்த்தினேன். “மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு கேள்வி. அவர் சொன்ன வினைச்சொல்லுக்கு இலங்கைத் தமிழில் பயமுறுத்துவது என்ற பொருள் உண்டா?”

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் திரும்பி, “சார், நீங்க அவர் பின்னாடி ஓடினீங்களா, இல்ல பயமுறுத்தினீங்களா?” என்று கேட்டார்.

“பயப்படுத்தினதுதான், பிள்ளை. வெருட்டினது எண்டால் வேறை என்ன?”

பெண் நீதிபதியிடம், தான் முதலில் சொன்னது பிழை, அவர் சொன்னது பயமுறுத்தினேன் என்பதுதான் என்று தெளிவாகத் திருத்தினார். குரல் உள்ளே போயிருந்தது. எதிரியின் வழக்கறிஞர் முதுகை நிமிர்த்தினார். அரசுத் தரப்புப் பெண், இந்தச் சபையில் இரண்டாவது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறாரா என்று கேட்டார். கேள்வி கேட்பது அனுமதிக்கப்பட்டது என்று நீதிபதி சொல்லி முடித்துவிட்டார்.

பின்வரிசையில் அந்த மனைவி நெஞ்சுக்கு நேரே கைகூப்பியிருந்தாள். கோயிலில் திரை விலகும்போது கும்பிடுவோமே, அப்படி. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? முப்பது வருடமாக இந்த நாட்டில் மற்றவர்கள் என்னைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் ஒரு நீதிமன்றத்தைத் திருத்தியிருந்தேன்.

அடுத்ததாக விழுந்தவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு ஊன்றுகோலில் வந்தார். கதிரையில் இருப்பதற்கே மூச்சு வாங்கியது. பழைய கூட்டாளி இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“கத்தியைக் காட்டி என்னை வெருட்டினவர்” என்று தொடங்கினார். மொழிபெயர்ப்பாளர் இந்தத் தடவை அந்தச் சொல்லில் கால் வைக்கும்போது என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, பயமுறுத்தினார் என்று சொன்னார். சரி.

“அதற்குப் பிறகு?” என்று நீதிபதி கேட்டார். “நீங்கள் ஓடியபோது அவர் என்ன செய்தார்?”

“படிமட்டும் கலைச்சுக்கொண்டு வந்தவர்.”

பெண் தயங்கினார். நெற்றியில் வியர்வை மினுங்கியது. சபை நடுவில் ஒரு தடவை திருத்தப்பட்டவர் அவர். இன்னொரு தடவை திருப்பிக் கேட்டால் தமிழே தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதனால் கேட்கவில்லை. கேட்ட மட்டில் பொருள் எடுத்து, “அவர் களைத்துப்போய்ப் படி வரைக்கும் வந்தார்” என்று ஜெர்மனில் சொன்னார்.

கலைப்பது என்றால் எங்கள் பேச்சில் துரத்துவது. நாய் ஆளைக் கலைக்கும், பொலிஸ் கள்ளனைக் கலைக்கும். மொழிபெயர்ப்பாளரின் காதில் விழுந்தது களைச்சு. மூச்சு வாங்கிக்கொண்டு, ஆறுதலாக, பிந்தி வந்த ஒரு மனிதர்.

எதிரியின் வழக்கறிஞர் அதை விடவில்லை. “அதாவது, என் கட்சிக்காரர் பின்னர் களைப்போடு வந்து சேர்ந்தார்” என்று மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னார். உதவ ஓடிவந்தேன் என்ற கதைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. விழுந்தவருக்கு ஜெர்மன் விளங்கவில்லை. அவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, தான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்ட நிம்மதியில் இருந்தார். அரசுத் தரப்புப் பெண் தன் தாள்களைப் புரட்டினார். அவர் வழக்கு அவர் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும். அவர் தமிழில் சொன்னதை விளங்கிக்கொண்டவர்கள் அந்த அறையில் நான்கு பேர். விழுந்தவர், கத்தி பிடித்தவர், பின்வரிசையில் கத்தி பிடித்தவரின் மனைவி, நான். அந்தச் சொல் ஜெர்மனில் எப்படி மாறிப்போனது என்பது இரண்டு ஆண்களுக்கும் தெரியாது. மிச்சம், ஜெர்மன் விளங்கும் அவளும் நானும். குற்றம் சாட்டப்பட்டவர் இரவல் கோட்டின் கையை இழுத்து விட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். அவர் நிலத்தைப் பார்த்த விதத்தில் எனக்கு விளங்கிவிட்டது. அவர் வெருட்டியதும் உண்மை. அதற்கு மேலே நடந்ததை அவர் சொல்லாமல் விட்டதும் உண்மை. நான் பாவம் பார்த்து நிமிர்த்திவிட்ட சொல்லின் நிழலில் அவர் ஒளிந்துகொண்டிருந்தார்.

ஆத்திரம் வந்தது. அவர்மேலா, என்மேலா தெரியவில்லை. அந்தச் சொல் என் காதில் விழாமலே போயிருக்கலாம். நான் ஹம்பேர்க்கில் பிறந்த ஒரு வெள்ளைக்காரியாக இருந்திருக்கலாம். அப்போது ஒன்றும் தெரியாமல் தலையாட்டிவிட்டு மத்தியான ரயிலைப் பிடித்திருப்பேன்.

“வேறு கேள்விகள்?” என்று நீதிபதி கேட்டார். அரசுத் தரப்பு இல்லை என்றது. வழக்கறிஞர் அவசரமாக இல்லை என்றார். நீதிபதியின் மற்றப் பக்கத்தில் என்னைப் போலவே இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், இல்லை என்று தலையை அசைத்தார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

பின்வரிசையில் அவள் கூப்பிய கையைப் பிரித்து, மடியில் வைத்து, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். கண் என்னை விட்டு அசையவில்லை. தலையை மிக மெல்ல, ஆட்டுவது தெரியாத அளவுக்கு, இல்லை என்று ஆட்டினாள். நான் அதைக் கண்டேன். கண்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

தன் பக்கத்துக்குத்தான் காது கொடுப்பாள் என்று அந்த அரசுத் தரப்புப் பெண் என்னைப் பற்றி நினைத்திருந்தார். நான் வாயை மூடியிருந்தால் அது உண்மையாகிவிடும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் என்னை உறுத்தியது அவருடைய எண்ணம் இல்லை. ஊன்றுகோலைப் பிடித்திருந்த அந்த மனிதரின் கைதான். அவரும் என்னுடைய மொழியில்தான் சொன்னார். என்னை நம்பித்தான் சொன்னார் என்றுகூடச் சொல்லலாம், அவருக்கு அது தெரியாவிட்டாலும்.

கையை உயர்த்தினேன். இந்தத் தடவை அது கனத்தது.

“மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு கேள்வி. சாட்சி சொன்னது களைத்தது என்ற சொல்லா, கலைத்தது என்ற சொல்லா? அதற்கு அவர் என்ன பொருள் வைத்தார் என்று அவரிடமே கேட்க முடியுமா?”

பெண் கேட்டார். சாட்சிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“களைச்சது இல்லையம்மா, கலைச்சது! நாய் ஆளைக் கலைக்கிற மாதிரி! கத்தியோடை எனக்குப் பின்னாலை வந்தவர். நான் திரும்பிப் பாக்கேக்கைதான் கால் தவறினது.”

மொழிபெயர்ப்பாளர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார். பிறகு ஒரு சொல்லும் விடாமல் ஜெர்மனில் சொன்னார், நாயையும் சேர்த்து.

நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். விரும்பினால் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்றும் நினைவூட்டினார். வழக்கறிஞர் அவர் கையில் கை வைத்தார். மனிதர் வழக்கறிஞரைப் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பாளரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு அன்று முழுவதும் பேசாத ஜெர்மனில் ஒரேயொரு சொல் சொன்னார்.

“யா.”

மொழிபெயர்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் அறைக்குள் போனோம். அங்கே யார் என்ன பேசினார், யார் எப்படி வாக்களித்தார் என்பதைச் சாகும்வரை சொல்லக்கூடாது. அது சட்டம். கணவரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லமாட்டேன். வெளியே வந்து எல்லோரும் எழுந்து நிற்க நீதிபதி வாசித்த தீர்ப்பு மட்டும் எல்லோருக்கும் பொது. சிறைத்தண்டனை. தண்டனையை நிறுத்திவைத்து வெளியே விட்டுப் பார்க்கக்கூடிய அளவைவிடக் கூடியது. அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். விழுந்தவர் அழுதார். அவர் ஏன் அழுதார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பழைய கூட்டாளிக்காகவும் இருக்கலாம்.

நடையில் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வந்தார். “சாரி மேடம். செகண்ட் டைம் நான் திருப்பிக் கேட்டிருக்கணும்” என்றார். என்னால்தான் நீ கேட்கப் பயந்தாய் என்று சொல்ல நினைத்தேன். “போயிட்டு வாங்கோ, பிள்ளை, ரயில் பிந்தப் போகுது” என்றுதான் வந்தது.

வாசல் கதவடியில் அந்த மனைவி நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது பேசலாம், தீர்ப்பு முடிந்துவிட்டது. ஆனால் பேச என்ன இருக்கிறது? பக்கத்தால் போய்விடலாம் என்று கால் எடுத்தேன்.

“அக்கா.”

நின்றேன்.

“முதல் சொல்லை நீங்கள் திருத்தேக்கை, எனக்கு நீங்கள் தெய்வம் மாதிரி இருந்தியள். மற்றச் சொல்லையும் ஏன் கேட்டனீங்கள்? கேக்காத மாதிரி இருந்திருக்க ஏலாதே?”

“ஏலாது, தங்கச்சி. ரெண்டும் ஒரே காதுதான்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவாள், கையைப் பிடித்து உலுக்குவாள் என்றும் நினைத்தேன். எது நடந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் சால்வையின் கரையைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாள்.

“ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்கட மனுசன் அந்தக் கதிரையிலை இருந்திருந்தாலும் கையை உயர்த்தியிருப்பியளோ?”

“அப்பிடியெண்டால் என்னை அங்கை இருக்கவே விடமாட்டினம். சொந்தக்காரர் இருக்கக் கூடாது எண்டு சட்டம்” என்றேன். அரை நாள் கூட்டத்தில் சொல்லித்தந்த பதில். வாயில் தயாராக இருந்தது.

“நான் அதைக் கேக்கேல்லை, அக்கா” என்றாள். கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவள் எதைக் கேட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உயர்த்தியிருக்கமாட்டேன். வாயை இறுக மூடிக்கொண்டு, களைத்துப்போய் வந்தவர் என்றே எழுதட்டும் என்று இருந்திருப்பேன். சந்தைப் பக்கம் அவள் நடந்து போவது கண்ணாடிக் கதவால் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.